கூலிங் பேட் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க லேப்டாப்புக்கு ஒரு செக்கப்!

"டாக்டர், லேப்டாப் அனலா கொதிக்குது. நல்ல கூலிங் பேட் எது வாங்கலாம்?"

ஏப்ரல், மே வந்தாலே வேர்க்குரு, நீர்க்கடுப்பு, ஓஆர்எஸ் பற்றிய கேள்விகளோடு இந்தக் கேள்வியும் எனக்கு வர ஆரம்பித்து விடுகிறது.

"இதைக் கம்ப்யூட்டர் கடையில கேட்க வேண்டியதுதானே? டாக்டர்கிட்ட எதுக்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம்.

இதைப் பற்றி எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம், நானும் இந்தச் சூட்டோடு பல வருடம் குடித்தனம் நடத்தியவன். அரசு மருத்துவமனையில் டூட்டி முடித்து வந்து, ஏசி இல்லாத குவார்ட்டர்ஸ் அறையில், இரவு பதினோரு மணிக்கு மேல் லேப்டாப்பில் வீடியோ வகுப்பு பார்த்து பிஜி நுழைவுத் தேர்வுக்குப் படித்தவன்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். லேப்டாப்பின் சூடு லேப்டாப்போடு நின்று விடுவதில்லை. அது நம் உடம்புக்கும் வருகிறது. அதை நான் ஓபியில் பார்க்கிறேன்.

வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம் ஊரில் லேப்டாப் வாங்கும் எல்லார் வீட்டிலும் அதை வைக்க மேஜை இருப்பதில்லை. 2011ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது, பல வீடுகளில் கம்ப்யூட்டர் என்ற பொருளே அப்போதுதான் முதன்முதலாக நுழைந்தது. கட்டில், பாய், தலையணை, மடி. இவைதான் அதன் மேஜை.

பெயரே "மடி"க்கணினி என்பதால் மடியில் வைப்பதுதான் முறை என்று நாமும் நினைத்துக் கொள்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஓபிக்கு ஒரு தம்பி வந்தார். வீட்டிலிருந்தே வேலை. தொடையில் பழுப்பு நிறத்தில் மீன்வலை விரித்தது போலக் கோடுகள். வலி இல்லை. அரிப்பும் பெரிதாக இல்லை. கூட வந்த அம்மா ரொம்பவே பயந்து போயிருந்தார். "ரத்தத்துல ஏதாவது கோளாறா சார்? பக்கத்து வீட்ல பாம்பு ஊர்ந்த தடம்னு சொல்றாங்க" என்றார்.

நான் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, லேப்டாப்பை எங்க வச்சு வேலை செய்றீங்க?"

"மடியிலதான் சார். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது மணி நேரம்."

இதற்கு மருத்துவத்தில் "எரித்தீமா அப் இக்னே" என்று பெயர். நெருப்பின் அருகாமையால் வரும் சிவப்பு என்று பொருள். தோல் வெந்து கொப்புளம் போடும் அளவுக்குச் சூடு வேண்டியதில்லை. சுமார் 43 முதல் 47 டிகிரி செல்சியஸ் சூடு, அதே இடத்தில், நாள்தோறும், மாதக்கணக்கில் பட்டாலே போதும். தோலுக்கு அடியில் ரத்தக்குழாய்கள் வலை போலத்தான் பின்னியிருக்கின்றன. அந்த வலையின் தடம் மேலே தெரிய ஆரம்பிக்கும்.

இது புது நோயும் அல்ல. காஷ்மீரில் குளிருக்காக "காங்ரி" என்ற கனல் சட்டியை உடைக்குள் வயிற்றோடும் தொடையோடும் அணைத்து வைத்துக் கொள்வார்கள். அங்கே இந்த வலைத்தடம் சகஜம். பல வருடம் அப்படியே தொடர்ந்தவர்களில் சிலருக்கு அதே இடத்தில் தோல் புற்றுநோயும் வந்திருக்கிறது. "காங்ரி கேன்சர்" என்று மருத்துவப் புத்தகங்களில் தனியாகவே பதிவாகி இருக்கிறது.

லேப்டாப்பால் இந்தத் தடம் வந்தது குறித்து 2004 முதலே மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. 2010ல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் ஒரு 12 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார்கள். தினமும் சில மணி நேரம் மடியில் வைத்து கேம் விளையாடியவன். இடது தொடையில் அதே வலை.

பயப்பட வேண்டாம். லேப்டாப்பால் புற்றுநோய் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆரம்பத்திலேயே சூட்டை நிறுத்தி விட்டால் தடம் மெதுவாக மங்கி விடும். நிறுத்தாமல் விட்டால் நிரந்தரமாகத் தங்கி விடும். அந்தத் தம்பிக்கும் நான் ஆயின்மென்ட் எதுவும் எழுதவில்லை. "முதல்ல ஒரு மேஜை பாருங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் எழுந்து போகும்போது கேட்டார். "சார், அப்ப கூலிங் பேட் ஒண்ணு வாங்கி மடியில வச்சு, அதுக்கு மேல லேப்டாப் வச்சுக்கவா?"

பலருக்கும் இருக்கும் சந்தேகம் இதுதான். நேரடியாகச் சொல்லி விடுகிறேன்.

கூலிங் பேட் என்பது மெஷினுக்குக் கொடுக்கும் மருந்து. உங்கள் மடிக்கு அது மருந்து அல்ல.

ஏன்?

நியூயார்க்கின் ஸ்டோனி புரூக்கில் இருக்கும் ஆய்வாளர்கள் 2005ல் ஆரோக்கியமான 29 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். விரைகள் உடம்பின் உள்வெப்பத்தை விட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு உற்பத்தி ஒழுங்காக நடக்கும். அதற்காகத்தான் இயற்கை அவற்றை உடம்புக்கு வெளியே தொங்க விட்டிருக்கிறது. மடியில் லேப்டாப் வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தபோது விரைப்பையின் வெப்பம் இடது பக்கம் 2.6 டிகிரியும் வலது பக்கம் 2.8 டிகிரியும் ஏறியது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். லேப்டாப்பே இல்லாமல், தொடைகளைச் சேர்த்து வைத்து அதே மாதிரி உட்கார்ந்தாலே 2.1 டிகிரி ஏறியிருக்கிறது. ஆக, சிக்கலின் பெரும்பகுதி லேப்டாப்பில் இல்லை. அதைத் தாங்கிப் பிடிக்கக் காலைச் சேர்த்து வைத்து உட்காரும் முறையில் இருக்கிறது.

அதே குழு 2011ல் மடிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஒரு பேட் வைத்துப் பார்த்தது. பேட் இல்லாமல் வெப்பம் ஒரு டிகிரி ஏற 11 நிமிடம் ஆனது. பேட் வைத்தபோது 14 நிமிடம். பேட் வைத்து, கால்களையும் 70 டிகிரி அகட்டி உட்கார்ந்தபோது 28 நிமிடம்.

பேட் வாங்கிக் கொடுத்தது வெறும் 3 நிமிடம்தான்!

இந்த ஆய்வுகள் அளந்தது வெப்பத்தை மட்டுமே. லேப்டாப்பால் குழந்தையின்மை வரும் என்று இவை நிரூபிக்கவில்லை. ஆனால் குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகள் ஆயிரம் ரூபாய்க்கு டெஸ்ட் எடுக்கும் முன், காசே செலவில்லாமல் லேப்டாப்பை மடியிலிருந்து இறக்கி விடலாம் இல்லையா?

சர்க்கரை நோயாளிகள் இதை இன்னும் கவனமாகப் படியுங்கள்.

பல வருடச் சர்க்கரையில் கால் நரம்புகள் மரத்துப் போயிருக்கும். சூடு உறைக்காது. நமக்கெல்லாம் சூடு கூடினால் தானாகவே காலை நகர்த்துவோம். அவர்களுக்கு அந்த எச்சரிக்கை மணி அடிக்காது. 44 டிகிரி என்பது கைக்கு இதமான சூடு போலத்தான் இருக்கும். ஆனால் அதே சூடு சுமார் 6 மணி நேரம் தோலில் நிலையாக இருந்தால் தீப்புண் உண்டாகும் என்று 1947லேயே ஆய்வு செய்து சொல்லி விட்டார்கள். லேப்டாப்பை மடியில் வைத்தபடி தூங்கிப் போவது, சார்ஜர் செங்கல்லைப் போர்வைக்குள் காலருகே போட்டு வைப்பது, இரண்டும் அவர்களுக்கு ஆபத்து.

சரி, மடி விஷயம் முடிந்தது. லேப்டாப் மேஜைக்கு வந்து விட்டது என்று வைத்துக் கொள்வோம். இப்போதும் சூடாகிறது. கூலிங் பேட் வாங்கலாமா?

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. மருந்துக்கு முன் டயக்னோசிஸ். காய்ச்சல் என்று வந்தவுடன் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பி விட்டால், அது டெங்குவா டைபாய்டா என்பது தெரியாமலே போய் விடும். லேப்டாப்புக்கும் அப்படித்தான்.

லேப்டாப் எப்படி மூச்சு விடுகிறது?

உள்ளே புராசஸர் சூடாகிறது. அந்தச் சூட்டை ஒரு செம்புக் குழாய் வாங்கி ஓரத்துக்குக் கொண்டு போகிறது. நம் உடம்பில் ரத்தம் உள்சூட்டைத் தோலுக்குக் கொண்டு வருவது போல. ஓரத்தில் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக இருக்கும். ஒரு குட்டி ஃபேன் வெளிக்காற்றை இழுத்து அந்தத் தகடுகள் வழியே ஊதி, சூட்டை வெளியே தள்ளும்.

பெரும்பாலான லேப்டாப்களில் காற்றை இழுக்கும் துளைகள் அடிப்பக்கம்தான் இருக்கின்றன. அதுதான் அதன் மூக்கு. மெத்தையிலோ தலையணையிலோ வைத்தால் மூக்கைப் பொத்தியது போலத்தான். சூடு 95, 100 டிகிரியை நெருங்கியதும் புராசஸர் தன்னைக் காப்பாற்றிக் கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். "லேப்டாப் ஸ்லோ ஆயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி உண்மையில் இந்த மூச்சுத் திணறல்தான்.

இப்போது டயக்னோசிஸ். வீட்டிலேயே செய்யக் கூடிய நான்கு பரிசோதனைகள்.

1. டிஷ்யூ பேப்பர் டெஸ்ட்

ஃபேன் வேகமாக ஓடும்போது மெல்லிய டிஷ்யூ துண்டை ஒவ்வொரு துளைக்கு அருகிலும் காட்டுங்கள். ஒட்டிக் கொண்டால் அது உள்ளே இழுக்கும் வழி. பறந்தால் வெளியேறும் வழி. அடிப்பக்கத்தில் உள்ளிழுக்கும் துளைகள் எங்கே இருக்கின்றன என்று குறித்து வையுங்கள். பேட் வாங்கும்போது இந்தக் குறிப்புதான் உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்.

2. பாட்டில் மூடி டெஸ்ட்

ஒரே அளவுள்ள இரண்டு தண்ணீர் பாட்டில் மூடிகளை லேப்டாப்பின் பின்பக்க இரு மூலைகளிலும் முட்டுக் கொடுங்கள். துளைகளை மறைக்கக் கூடாது. ஆடாமல் நிற்க வேண்டும். அரை மணி நேரம் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். ஃபேன் இரைச்சல் குறைகிறதா பாருங்கள். கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள் போட்டால் முன்னும் பின்னும் வெப்பத்தை டிகிரியிலேயே பார்க்கலாம்.

நன்றாகக் குறைந்தால் உங்கள் லேப்டாப்புக்குத் தேவை காற்று நுழைய இடம் மட்டுமே. ஃபேன் இல்லாத சாதாரண ஸ்டாண்டே போதும்.

3. டாஸ்க் மேனேஜர் டெஸ்ட்

நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே புராசஸர் 80, 90 சதவீதம் ஓடுகிறதா? யாரோ உள்ளே வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம். நாற்பது டேப் திறந்த பிரவுசராக இருக்கலாம், வைரஸாகவும் இருக்கலாம். இங்கே பேட் வைப்பது காரணத்தை விட்டு விட்டுக் காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை போடுவது.

4. வயது

லேப்டாப் வாங்கி மூன்று, நான்கு வருடம் ஆகி, ஒருமுறை கூடத் திறந்து சுத்தம் செய்யவில்லையா? உள்ளே தகடுகளில் தூசி ஒரு கம்பளியாகவே படிந்திருக்கும். புராசஸருக்கும் செம்புக்கும் நடுவே தடவிய பேஸ்ட்டும் காய்ந்திருக்கலாம்.

அவசர சிகிச்சையில் எங்களுக்கு முதல் பாடம், முதலில் மூச்சுப்பாதையைப் பார். தொண்டையில் சளி அடைத்திருக்கும்போது மேலே ஆக்சிஜன் மாஸ்க் வைத்தால் காற்று உள்ளே போகுமா? முதலில் சக்ஷன் போட்டுச் சளியை எடுக்க வேண்டும். தூசி அடைத்த லேப்டாப்புக்குக் கூலிங் பேட் வாங்குவதும் அந்த மாஸ்க் கதைதான். நம்பகமான சர்வீஸ் ஆளிடம் கொடுத்து சுத்தம் செய்து, பேஸ்ட் மாற்றி வாங்குங்கள். பலருக்குப் பிரச்சனை அங்கேயே தீர்ந்து விடும்.

என் பழைய லேப்டாப்புக்கும் அப்படித்தான் ஆனது. சுத்தம் செய்த அன்று உள்ளிருந்து வந்த தூசியைப் பார்த்து, "டாக்டர் சார், இது ஆஸ்துமா கேஸ்" என்று சிரித்தார் சர்வீஸ் செய்த அண்ணன்.

இதற்கெல்லாம் பிறகும் சூடு இருக்கிறது, வீடியோ எடிட்டிங், கேம், பெரிய மென்பொருள் என்று கடினமான வேலை என்றால், இப்போது பேட் வாங்கலாம். எதைப் பார்த்து வாங்குவது?

👉 ஃபேன் எங்கே இருக்கிறது?

எத்தனை ஃபேன் என்பது கணக்கே இல்லை. டிஷ்யூ டெஸ்டில் குறித்தீர்களே, அந்தத் துளைக்கு நேர் கீழே பேட்டின் ஃபேன் இருக்க வேண்டும். ஆறு ஃபேன் இருந்தும் ஒன்று கூட மூக்குக்கு நேராக இல்லை என்றால், அது முதுகுக்கு விசிறுவது போலத்தான்.

👉 காற்று எந்தப் பக்கம் போகிறது?

பேட் காற்றை மேல்நோக்கி ஊத வேண்டும். லேப்டாப் கீழிருந்து இழுக்கும்போது பேட்டும் கீழ்நோக்கி இழுத்தால் இரண்டும் கயிறு இழுக்கும் போட்டிதான்.

👉 கரண்ட் எங்கிருந்து?

பழைய யூஎஸ்பி 2.0 போர்ட் தரக் கூடியது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட் மட்டுமே. யூஎஸ்பி 3.0 என்றால் 4.5 வாட். இந்த வரம்புக்குள் ஓடும் பேட் மென்மையான காற்றுதான் தரும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பலத்த காற்று வேண்டும் என்றால், தனி அடாப்டரோடு வரும், மேலே சுற்றிலும் ஸ்பாஞ்ச் விளிம்பு வைத்து லேப்டாப்பின் அடியோடு ஒட்டி நிற்கும் வகை இருக்கிறது. காற்று பக்கவாட்டில் கசியாமல் துளைக்குள்ளேயே போகும். வேலை செய்யும். ஆனால் விலையும் இரைச்சலும் அதிகம். கேம், எடிட்டிங் செய்பவர்களுக்கு மட்டும் சரி.

👉 பெரிய ஃபேனா, சின்ன ஃபேனா?

ஒரே அளவு காற்றைத் தள்ளப் பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் போதும். சத்தம் குறைவு. குழந்தை தூங்கும் அறையில் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

👉 மேல்பரப்பு

கம்பி வலை போன்ற உலோகப் பரப்பு நல்லது. தடிமனான பிளாஸ்டிக்கில் சின்னச் சின்ன ஓட்டை போட்டது வேண்டாம். வண்ண விளக்குகளுக்கு ஒரு ரூபாய் கூட அதிகம் கொடுக்காதீர்கள். விளக்கு குளிர்விக்காது.

👉 உங்கள் லேப்டாப்பில் ஃபேன் இருக்கிறதா?

2020 இறுதியில் வந்த எம்1 மேக்புக் ஏர் முதல் இன்றைய ஏர் வரை உள்ளே ஃபேனே கிடையாது. அடியில் மூக்கும் இல்லை. அவற்றுக்கு நிழலான இடமும் கொஞ்சம் உயரமும் போதும்.

இன்னொரு உண்மையையும் சொல்லி விடுகிறேன். இதைக் கடையில் சொல்ல மாட்டார்கள்.

எந்த ஃபேன் பேட்டும் லேப்டாப்பை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டு போகாது.

ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை, நகர்த்துகிறது. நமக்கு ஃபேனடியில் குளிர்வது வியர்வை ஆவியாவதால். லேப்டாப்புக்கு வியர்க்காது. வெளியே 40 டிகிரி, அறைக்குள் 37 டிகிரி என்றால், பேட் ஊதுவதும் அந்த 37 டிகிரிக் காற்றைத்தான். ஆப்பிள் நிறுவனம் தன் லேப்டாப்பை 10 முதல் 35 டிகிரி அறையில் பயன்படுத்தச் சொல்கிறது. நம் வேலூர், கரூர், மதுரை மே மாத மதியம் அந்த வரம்பைச் சாதாரணமாகத் தாண்டும். கடினமான வேலையை அதிகாலைக்கோ இரவுக்கோ தள்ளிப் போடுவது பேட்டை விடப் பலன் தரும். வயலில் வேலை செய்பவர்களுக்கு வெப்ப அலை நாட்களில் நாங்கள் சொல்லும் அதே அறிவுரைதான்.

செய்யவே கூடாதவை:

- ஐஸ் பேக், ஈரத்துணியை லேப்டாப்புக்கு அடியில் வைக்காதீர்கள். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் நீராகப் படியும். உள்ளே போனால் போர்டு போச்சு.

- மெத்தை மேல் சார்ஜ் போட்டு விட்டுத் தூங்காதீர்கள்.

- டச்பேட் மேலே துருத்துகிறதா? லேப்டாப் சரியாக மூடவில்லையா? அடிப்பக்கம் வயிறு ஊதியது போல இருக்கிறதா? பேட்டரி வீங்கி விட்டது. இது கூலிங் பேட் கேஸ் அல்ல, எமர்ஜென்சி. சார்ஜரைக் கழற்றி, அணைத்து வைத்து, அழுத்தாமல், குத்தாமல் சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். லித்தியம் பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும்.

கடைசியாகக் கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பேட் லேப்டாப்பை உயர்த்தும்போது திரையும் கொஞ்சம் உயரும், கழுத்துக்கு நல்லது. ஆனால் கீபோர்டும் சேர்ந்து உயர்வதால் மணிக்கட்டு மடங்கி வலிக்கும். தினமும் பல மணி நேரம் வேலை என்றால் ஒரு தனி கீபோர்டும் மவுஸும் வாங்கி விடுங்கள்.

ஆக, செலவு செய்ய வேண்டிய வரிசை இது.

முதலில் ஒரு மேஜை. மடக்கும் மேஜையாக இருந்தாலும் போதும்.

அடுத்து உள்ளே சுத்தம் செய்வது.

அடுத்து ஒரு சாதாரண ஸ்டாண்ட்.

அப்புறமும் தேவைப்பட்டால், மூக்குக்கு நேராக ஃபேன் உள்ள கூலிங் பேட்.

இந்த வரிசையில் முதல் மூன்றிலேயே பெரும்பாலானோருக்குப் பிரச்சனை தீர்ந்து விடும்.

இன்றைக்கு ஒரே ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். வீட்டில் பிள்ளைகளோ, வேலைக்குப் போகும் தம்பி தங்கையோ மடியில் லேப்டாப் வைத்திருந்தால், திட்டாமல், ஒரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போடுங்கள். சர்க்கரை உள்ள அப்பா, அம்மா லேப்டாப் பார்ப்பவர்கள் என்றால் அவர்கள் தொடையையும் பாதத்தையும் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். வலைத்தடமோ கொப்புளமோ தெரிந்தால் பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

பார்த்துக் கொள்ளலாம்.